முதலில் வேலையைப் பரிசோதியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பணியிட மனநலம் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து ஆய்வு செய்ய வேண்டும் என்று அதில் சொல்லியிருந்தது. முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் கட்டுரை ஓ.எம்.ஆர். சாலையின் ஐ.டி. நிறுவனங்களைத் தாண்டி வரவில்லை. ஆய்வு என்றால் என்ன என்பதையும் ஒரே வரியில் முடித்துவிட்டது: ஊழியர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து, மன அழுத்தம் உள்ளவர்களைக் கண்டுபிடித்து, ஆலோசகரிடம் அனுப்புவது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பாதுகாப்பு அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்த ஒரு வரியில்தான் எனக்கு மாறுபாடு. ஆளைப் பரிசோதிக்கும் முன்னால் அவர் பார்க்கிற வேலையைப் பரிசோதிக்க வேண்டும். அதைச் செய்யாத ஆய்வுக் கூட்டணி எத்தனை வந்தாலும் ஆலையின் ஷாப் ஃப்ளோரில் மெஷின் முன்னால் நிற்பவருக்குப் பயன் இல்லை.

பாதுகாப்பு அலுவலர் என்றால் ஹெல்மெட் போட்டாயா, ஷூ போட்டாயா என்று கேட்டுக்கொண்டு திரிபவர் என்று பலர் நினைக்கிறார்கள். தரமணியில் உள்ள மண்டலத் தொழிலாளர் நிலையத்தில் தொழிற்பாதுகாப்புப் பட்டயம் படித்துவிட்டு நான் இந்த வேலைக்கு வந்தேன். அங்கே சொல்லிக்கொடுத்தது வேறு. அபாயம் என்று ஒன்று இருந்தால் அதை அடியோடு நீக்க முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும். முடியாவிட்டால் மெஷினை மாற்ற வேண்டும். அப்புறம் வேலை முறையை மாற்ற வேண்டும். கையுறையும் கண்ணாடியும் எல்லாவற்றுக்கும் கடைசி. இன்று பல நிறுவனங்களில் நடக்கும் யோகா வகுப்பும் கவுன்சலிங்கும் அந்தக் கையுறை மாதிரிதான். வேண்டாம் என்று சொல்லவில்லை, தேவைப்படுகிறவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்துவிட்டு, முதலில் செய்ய வேண்டியதைச் செய்யாமலே விட்டுவிடுகிறோம்.

சத்தத்தின் கதையைச் சொன்னால் இது விளங்கும். நான் வேலையில் சேர்ந்த காலத்தில், உலோகத் தகட்டை மெஷினால் அழுத்திப் பாகம் செய்யும் பிரஸ் ஷாப்பில் சத்தம் அதிகம் என்று யாராவது புகார் சொன்னால், "பிரஸ் ஷாப்னா சத்தம் இல்லாமலா?" என்பார்கள். காது மந்தமான மூத்த தொழிலாளர்களைப் பார்த்து, "வயசாச்சு, அதான்" என்பார்கள். பிறகு சத்தத்தை அளக்கும் கருவி வந்தது. எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்ற வரம்பு விதியில் இருந்தது. ஆளுக்கு ஆள் காதுப் பரிசோதனை செய்தார்கள். எந்த மெஷினில் எத்தனை டெசிபல், அதில் எத்தனை வருஷம் நின்றவருக்குக் காது எவ்வளவு போயிருக்கிறது என்பதெல்லாம் காகிதத்துக்கு வந்துவிட்டது. அதன்பின் வயதைக் காரணம் காட்ட யாராலும் முடியவில்லை. மெஷினுக்கு அடியில் ரப்பர் மெத்தை, சுற்றிலும் தடுப்பு, ஆட்களைச் சுழற்சி முறையில் மாற்றுவது எல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தன.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் 29 நோய்கள் இருந்தன. தொழிலாளிக்கு அவற்றில் ஒன்று வந்தால் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். ஈய நஞ்சு முதல் சத்தத்தால் வரும் காது கேளாமை வரை அதில் உண்டு. மனம் சார்ந்த நோய் ஒன்றுகூட இல்லை. 2020-இல் நிறைவேறி, 2025 நவம்பரில் அதற்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த புதிய தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்தப் பட்டியல் இப்படியேதான் இருக்கிறது. பட்டியலில் இல்லாததை ஆலை பதிவு செய்யாது. பதிவில் இல்லாததை அரசின் தொழிற்சாலை ஆய்வாளரும் பார்க்க முடியாது.

பதிவேட்டில் இடம் இல்லாமல் போவது என்றால் என்னவென்று ஒரு சம்பவம் சொல்கிறேன். ஒரு தொழிற்சாலையில் பிரஸ்ஸில் ஒருவருக்கு விரல் போனது. இரண்டு கையாலும் இரண்டு பட்டனையும் அழுத்தினால்தான் பிரஸ் இறங்க வேண்டும். கை உள்ளே போகாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. அன்று ஒரு பட்டனைத் துணியால் இறுக்கிக் கட்டி வைத்திருந்தார்கள். ஒரு கையால் பாகத்தை எடுத்துக்கொண்டே மறு கையால் அழுத்தினால் பிரஸ் மணிக்குக் கூடுதல் முறை இறங்கும், கூடுதல் பாகம் கிடைக்கும். விசாரித்தபோது தெரிந்தது: அவர் தொடர்ந்து இரட்டை ஷிஃப்ட் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று லீவு கேட்டிருக்கிறார், கிடைக்கவில்லை. அன்று காலையில் டார்கெட் வரவில்லை என்று லைன் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க ஃபோர்மேன் அவரைக் கண்டபடி திட்டியிருக்கிறார். விபத்துப் படிவத்தில் "காரணம்" என்ற கட்டத்தில் ஏற்கெனவே "தொழிலாளியின் கவனக்குறைவு" என்று நிரப்பியிருந்தார்கள். நான் விசாரித்த விஷயங்களைத் தனித்தாளில் எழுதி இணைத்தேன். "விபத்துக்குச் சம்பந்தம் இல்லாதவை" என்று எழுதி அந்தத் தாளைத் திருப்பி அனுப்பினார்கள்.

சம்பந்தம் உண்டு என்பது என் அனுபவம். சம்பந்தம் இல்லை என்பது நிர்வாகத்தின் வாதம். எது சரி என்று சொல்ல இரண்டு தரப்பிடமும் ஒரு எண்கூட இல்லை. ஓ.டி. என்கிற கூடுதல் வேலை நேரம் ஏறும்போது விபத்து கூடுகிறதா, லீவு மறுக்கப்பட்ட வாரங்களில் என்ன நடக்கிறது, ஃபோர்மேன் மாறினால் ஒரே லைனில் என்ன மாறுகிறது என்று யாராவது இரண்டு மூன்று வருஷம் அளந்திருந்தால் அந்தத் தாள் திரும்பி வந்திருக்காது. ஆய்வுக் கூட்டணி வேண்டும் என்று நான் கேட்பது இதற்காகத்தான்.

வெளிநாட்டில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். லண்டன் அரசு அலுவலகங்களில் ஆராய்ச்சியாளர் மைக்கேல் மார்மட் தலைமையில் 1985-இல் தொடங்கிய வைட்ஹால் இரண்டாம் ஆய்வில் 10,308 ஊழியர்கள் சேர்ந்தார்கள். பெரிய அதிகாரிகளுக்குத்தான் டென்ஷன், அவர்களுக்குத்தான் மாரடைப்பு என்று நம் ஊரிலும் சொல்வோம் இல்லையா? அந்த அலுவலகங்களில் கண்டது நேர்மாறு. பதவியில் கீழே போகப் போக இதய நோய் கூடியது. தன் வேலையை எப்படிச் செய்வது என்று தானே முடிவெடுக்கும் அதிகாரம் குறைந்தவர்களுக்கு ஆபத்து அதிகம் என்பதும் தெரிந்தது. மேசையில் உட்கார்ந்து வேலை செய்யும் அரசு ஊழியருக்கே இந்த நிலை என்றால், கழிப்பறைக்குப் போக ரிலீவர் வரும்வரை லைனில் நிற்க வேண்டியவருக்கு எப்படி இருக்கும்? அந்த ஆய்வு நடந்ததற்கு முக்கியக் காரணம், அரசுத் துறைகள் ஆராய்ச்சியாளர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது. திறந்த கதவைப் பல பத்தாண்டுகள் மூடாமல் வைத்திருந்தது.

கனடா 2013-இல் பணியிட உளநலப் பாதுகாப்புக்கென்று ஒரு தேசியத் தரநிலை கொண்டுவந்தது. வேலைப் பளு, மரியாதை, தெளிவான தலைமை, முடிவுகளில் ஊழியரின் பங்கு என்று 13 அம்சங்களை அது பார்க்கச் சொல்கிறது. 13-இல் பெரும்பாலானவை வேலையைப் பற்றியவை. அதைக் கட்டாயமாக்கவில்லை. ஆனால் விரும்பி ஏற்ற சுமார் 40 நிறுவனங்களை மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்து, எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பார்த்தார்கள். எனக்குப் பிடித்தது, நடக்காததையும் அவர்கள் வெளியே சொன்னதுதான். தலைமையின் ஆதரவு ஒரே சீராக இல்லை, ஊழியர் மனநலம் பற்றிய தரவுகள் கிடைக்கவில்லை, அதிக அழுத்தம் என்று எதைப் பதிவு செய்வது என்பதிலேயே குழப்பம் என்று எழுதினார்கள். ஒரு பாதுகாப்பு அலுவலருக்கு வெற்றிக் கதையைவிட இந்தக் குறைகளின் பட்டியல்தான் உபயோகம்.

ஜப்பான் 2015 டிசம்பரிலிருந்து 50 பேரோ அதற்கு மேலோ உள்ள பணியிடங்களில் ஆண்டுக்கு ஒருமுறை மன அழுத்தச் சோதனையைச் சட்டமாக்கியது. அதில் ஒரு விதியை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். சோதனை முடிவு நேரே தொழிலாளிக்குப் போகும். அவர் சம்மதிக்காமல் முதலாளி அதைப் பார்க்க முடியாது. துறைவாரியாகச் சேர்த்துப் பார்க்கும்போதும் பத்துப் பேருக்குக் குறைவான குழுவின் முடிவைப் பொதுவாக முதலாளிக்குக் கொடுப்பதில்லை, ஏனென்றால் யார் என்ன சொன்னார் என்று கண்டுபிடித்துவிடலாம்.

நம் ஊரில் எப்படி நடக்கிறது தெரியுமா? கேன்டீனில் மேசை போட்டு, ஹெச்.ஆர். ஆட்கள் பக்கத்தில் நிற்க, பெயரும் டோக்கன் நம்பரும் எழுதச் சொல்லி, "உங்கள் மேலதிகாரி உங்களை மரியாதையாக நடத்துகிறாரா?" என்று கேட்கிறார்கள். மேலதிகாரி அடுத்த மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். எல்லோரும் "ஆம்" என்று டிக் அடித்துவிட்டுப் போவார்கள். பின்பு அந்தத் தாள்களை வைத்து, எங்கள் நிறுவனத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் ஊழியர்கள் திருப்தி என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இப்படிப்பட்ட ஆய்வு நடக்காமல் இருப்பதே நல்லது. அடுத்து உண்மையான ஆய்வோடு யாராவது வந்தாலும் தொழிலாளி வாய் திறக்க மாட்டார்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் ஆண்டுக்கு 1,200 கோடி வேலைநாட்கள் வீணாகின்றன. 2022-இல் அந்த நிறுவனம் வெளியிட்ட பணியிட மனநல வழிகாட்டுதல், வேலையின் அமைப்பைச் சரிசெய்வதையும் மேலாளர்களுக்குப் பயிற்சி தருவதையும் பரிந்துரைக்கிறது. ஐ.எஸ்.ஓ. என்னும் சர்வதேசத் தர அமைப்பு 2021-இல் வெளியிட்ட 45003 வழிகாட்டுதலும், தொழிற்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்துக்குள்ளேயே மனம் சார்ந்த அபாயங்களைச் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது. அம்பத்தூரில் ஐ.எஸ்.ஓ. சான்றிதழ் மாட்டாத வரவேற்பறையைப் பார்ப்பது அரிது. வாடிக்கை நிறுவனம் கேட்டால் ஒரே வருஷத்தில் எந்தச் சான்றிதழும் வாங்கிவிடுவார்கள். இந்த வழிகாட்டுதலைப் பின்பற்றச் சொல்லி இதுவரை எந்த வாடிக்கை நிறுவனமும் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை.

வாடிக்கை நிறுவனம் என்றதும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆராய்ச்சியாளர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவது இந்த இடம்தான். அம்பத்தூரில் இருப்பவை பெரும்பாலும் சின்ன, நடுத்தர ஆலைகள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் உள்ள பெரிய வாகன ஆலைகளுக்கு உதிரி பாகம் கொடுக்கிறோம். பெரிய ஆலையில் சரக்கு இருப்பு வைப்பதில்லை. இன்று மாலை ஓடும் லைனுக்கு இன்று மதியம் பாகம் போய்ச் சேர வேண்டும். லாரி தாமதமாகி அங்கே லைன் நின்றால் இங்கே டெபிட் நோட் வரும், அபராதத் தொகையைப் பில்லில் கழித்துவிடுவார்கள். அங்கே மாதத் திட்டத்தைத் திடீரென்று மாற்றினால் இங்கே இரவோடு இரவாக பிரஸ்ஸின் அச்சான டையை மாற்றி ஓட்ட வேண்டும். காலையில் வாங்கும் பிரிவிலிருந்து முதலாளிக்கு ஃபோன் வரும். முதலாளி மேனேஜரைக் கூப்பிடுவார். மேனேஜர் ஃபோர்மேனைக் கூப்பிடுவார். ஃபோர்மேன் பிரஸ் முன்னால் நிற்பவரைத் திட்டுவார். நம் கேள்வித்தாள் இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியை மட்டும் பிடித்துக்கொண்டு, ஃபோர்மேனுக்குப் "பேச்சுத் திறன் பயிற்சி" கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போகும். அந்த ஃபோர்மேனும் ராத்திரி தூங்கவில்லை ஐயா. எனக்குத் தெரிந்த நல்ல மனிதர்கள் பலர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபின் வாய் கெட்டுப்போனார்கள். ஆகவே ஆய்வு என்றால் வாங்கும் பெரிய ஆலையும் அதில் பங்குதாரராக இருக்க வேண்டும். திட்டம் எத்தனை முறை, எத்தனை மணி நேர அவகாசத்தில் மாறுகிறது என்பதை அவர்கள் கொடுக்க வேண்டும். அதையும் இங்கே உள்ள ஓ.டி. பதிவையும், தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யின் மருத்துவ விடுப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நிறைய தெரியவரும்.

இ.எஸ்.ஐ.யை வேண்டுமென்றேதான் சொல்கிறேன். அழுத்தத்தில் இருக்கும் தொழிலாளி மனநல மருத்துவரிடம் போவதில்லை. வயிற்று எரிச்சல், முதுகுவலி, தலைசுற்றல், தூக்கமின்மை என்று இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குத்தான் போகிறார். மாத்திரை வாங்கிக்கொண்டு இரண்டு நாள் லீவுச் சீட்டோடு வருகிறார். எந்த ஆலையிலிருந்து, எந்த மாதத்தில், எத்தனை சீட்டு என்பது அங்கே பதிவாகிறது. பெயர்களை நீக்கிவிட்டு அந்தப் பதிவுகளை மட்டும் ஆராய்ச்சியாளரிடம் கொடுத்தாலே, எந்தத் தொழிற்பேட்டையில் எந்த மாதத்தில் கூட்டம் கூடுகிறது என்று தெரிந்துவிடும். கே.கே. நகரில் இ.எஸ்.ஐ.க்கென்று மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. இதைவிட வசதியான தொடக்கம் வேறு எந்த நகரத்துக்குக் கிடைக்கும்?

ஆய்வு செய்யத் தகுதியான இடங்களுக்கும் சென்னையில் பஞ்சம் இல்லை. கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்துக்கு இரண்டு நூற்றாண்டு வரலாறு உண்டு. டாக்டர் சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப் மனநல ஆராய்ச்சி நிறுவனம் அண்ணா நகரில் இருக்கிறது. அம்பத்தூரிலிருந்து ஒரு பஸ் தூரம். தற்கொலைத் தடுப்புக்காக 1986 முதல் சிநேகா இயங்குகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை, எழும்பூரில் சமூகப்பணிக் கல்லூரி, தரமணியில் நான் படித்த நிலையம். போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சியாளர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். அவர்கள் உப்பளம் உட்படப் பல வேலையிடங்களுக்கு நேரில் போய் வெப்பத்தை அளந்து, அங்கே வேலை செய்பவர்களின் சிறுநீரக நிலையையும் சேர்த்துப் பார்த்தார்கள். வெயில் என்பது விதி என்று இருந்த விஷயம் அளவுக்கு உட்பட்ட விஷயமாக மாறியது. அதே மாதிரி வேலைதான் மனதுக்கும் நடக்க வேண்டும்.

மாற்றத்தை அளந்து பார்க்கத் தோதான களங்களும் தமிழ்நாட்டில் தயாராக இருக்கின்றன. 2021-இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஜவுளிக்கடை, நகைக்கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமையைக் கொடுத்தோம். தி.நகரில் நாள் முழுக்க நின்ற பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று என் மனைவியின் தங்கை சொல்லிக் கேட்டிருக்கிறேன். முக்காலி வந்த கடை, வந்தும் உட்கார விடாத கடை, வராத கடை என்று மூன்றையும் ஒப்பிட்டால் அருமையான ஆய்வு. அதே ஆண்டில் காவலர்களுக்கு வார விடுமுறை அறிவித்தார்கள். காவல்துறை பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தோடு சேர்ந்து காவலர் நலப் பயிற்சியும் நடத்தியிருக்கிறது. பயிற்சி பெற்றவர், விடுமுறை உண்மையிலேயே கிடைத்தவர், இரண்டும் கிடைத்தவர் என்று பிரித்துப் பார்த்தால், பணத்தை அடுத்து எதில் போடுவது என்று அரசுக்கே தெளிவாகும்.

என் மகள் கிண்டியில் ஒரு வாடிக்கையாளர் சேவை மையத்தில் வேலை பார்க்கிறாள். அவள் வேலை ஏ.சி. அறையில்தான். ஆனால் ஃபோனில் யார் என்ன கெட்ட வார்த்தை சொன்னாலும் அவளாக இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. ஒரு அழைப்பு முடிந்த சில விநாடிகளில் அடுத்தது வந்து விழும். அழுவதற்குக்கூட பிரேக் பட்டனை அழுத்த வேண்டும், அது கணக்கில் ஏறும். மூன்று முறை எச்சரித்துவிட்டு இணைப்பைத் துண்டிக்கலாம் என்று ஒரு விதி கொண்டுவர எந்தச் செலவும் இல்லை. ஒரு தளத்தில் அந்த விதி, இன்னொரு தளத்தில் பழைய முறை என்று ஆறு மாதம் ஓட்டிப் பார்த்தால் யார் வேலையை விட்டுப் போகிறார்கள், யார் தூங்குகிறார்கள் என்று தெரிந்துவிடும். அவளுடைய மையத்தில் மாதம் ஒருமுறை மனநலச் சொற்பொழிவு உண்டு. அந்த நேரத்திலும் டார்கெட் குறைவதில்லை.

சரி, கூட்டணி எப்படி இருக்க வேண்டும்? என்ன கேட்பது என்று எழுதும்போதே தொழிற்சங்கமும், சங்கம் இல்லாத இடத்தில் தொழிலாளர்களே தேர்ந்தெடுத்த ஆட்களும் உட்கார வேண்டும். கான்ட்ராக்ட் ஆட்களைச் சேர்த்தே ஆக வேண்டும். இன்று பிரஸ் முன்னால் நிற்பவர்களில் பலர் பீகார், ஒடிசா பையன்கள். "அவர்கள் எங்கள் ஊழியர்கள் இல்லை, லேபர் கான்ட்ராக்டரின் ஆட்கள்" என்று நிர்வாகம் அவர்களை ஒதுக்கிவிட்டால் அபாயம் அதிகம் உள்ள இடமே ஆய்வில் இல்லாமல் போகும். அவர்களிடம் அவர்கள் மொழியில், தங்குமிடத்தில் போய்ப் பேச வேண்டும். பதில் சொல்லும் நேரத்துக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது. கிடைக்கும் முடிவு நிறுவனத்துக்குப் பிடிக்காவிட்டாலும் வெளியிடுவோம் என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். இந்த ஒரு வரி இல்லாத ஒப்பந்தத்தில் எந்தப் பல்கலைக்கழகமும் கையெழுத்துப் போடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பணம் எங்கே என்று கேட்பார்கள். தொழிலாளி, முதலாளி, அரசு மூவரும் ஆண்டுதோறும் பணம் போடும் தொழிலாளர் நல நிதி இருக்கிறது. மூவர் பணத்தில், மூவரும் உட்காரும் குழுவின் மேற்பார்வையில் நடக்கும் ஆய்வை எந்தத் தரப்பும் எதிராளியின் ஆய்வு என்று தள்ள முடியாது. முதலாளி கொடுத்த பணத்தில் மட்டும் நடந்தால் தொழிலாளி நம்ப மாட்டார், சங்கம் மட்டும் நடத்தினால் முதலாளி நம்ப மாட்டார்.

சின்ன ஆலை முதலாளிகளின் அச்சத்தையும் நான் அறிவேன். ஆய்வு என்ற பெயரில் உள்ளே வந்து, நாளைக்கு வழக்குப் போடுவார்களோ என்று பயப்படுகிறார்கள். முதல் இரண்டு ஆண்டுகள் ஆய்வில் சொன்ன தகவலை வைத்து நடவடிக்கை இல்லை என்று தொழிலகப் பாதுகாப்பு இயக்ககம் எழுதிக் கொடுக்கலாம். உயிருக்கு ஆபத்தான விஷயங்களுக்கு மட்டும் இந்தச் சலுகை பொருந்தாது. பட்டனைத் துணியால் கட்டியிருந்தால் அன்றே அவிழ்க்க வேண்டும், அதில் பேச்சுக்கு இடமில்லை.

இதில் அவசரம் இருக்கிறது. 2022-ஆம் ஆண்டுத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகப் புள்ளிவிவரப்படி, நாட்டில் தற்கொலையால் இறந்தவர்களில் 26 விழுக்காட்டுக்கு மேல் தினக்கூலித் தொழிலாளர்கள். ஒவ்வொரு மரணத்துக்கும் பல காரணங்கள் இருக்கும், கடன், நோய், குடும்பம், குடி என்று. வேலையை மட்டும் காரணம் காட்ட நான் முயலவில்லை. ஆனால் மற்ற காரணங்களை எல்லாம் பார்க்கும்போது வேலையின் பங்கை மட்டும் பார்க்காமல் விடக் கூடாது. இந்தக் கடிதத்தைப் படிக்கும் யாராவது இப்போது தற்கொலை எண்ணத்தில் இருந்தால் அரசின் மனநல உதவி மையமான டெலி மானஸின் 14416 எண்ணுக்குக் கூப்பிடுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம்.

ஆசிரியருக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. இந்த விஷயத்தை ஓ.எம்.ஆரோடு முடிக்காமல் அம்பத்தூர், கிண்டி, திருமுடிவாக்கம் தொழிற்பேட்டைகளுக்கும் உங்கள் செய்தியாளர்களை அனுப்புங்கள். ஒரு பிரஸ் ஷாப், ஒரு ஜவுளிக்கடை, ஒரு கால் சென்டர், ஒரு பஸ் டிப்போ என்று நான்கே இடத்தில் சோதனை முயற்சியாக இந்த ஆய்வைத் தொடங்க முடியுமா என்று தொழிலாளர் நலத்துறையிடம் நேரடியாகக் கேளுங்கள். கிடைக்கும் பதிலை அப்படியே அச்சிடுங்கள்.

ஆராய்ச்சியாளர்கள் யாராவது அம்பத்தூரில் தொடங்க விரும்பினால் நான் கூட வருகிறேன். பழைய சங்கக்காரர்கள், ஃபோர்மேன்கள், இரண்டு மூன்று லேபர் கான்ட்ராக்டர்கள், மனசுள்ள முதலாளிகள் சிலர் எனக்குப் பழக்கம், அறிமுகம் செய்துவைப்பேன். பகல் 11 மணிக்குக் கான்ஃபரன்ஸ் அறைக்கு வராமல், முதல் ஷிஃப்ட் விடும் நேரத்துக்கு கேட் பக்கம் வாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆலைப் பாதுகாப்பு அலுவலர்,
கொரட்டூர், சென்னை – 80.